தண்ணீருக்குள் இருந்த படித்துறை

"பேசாம இருட்டி, வசனம் கேக்கல" என்று அப்பா என் பக்கம் திரும்பாமலே கையை ஆட்டினார்.

புன்னக்காயலில் ஒரு டீக்கடை. தகரக் கூரை வெயிலில் காய்ந்து படபடவென்று சத்தம் போடுகிறது. வெளியே கருவாட்டு வாடை, உள்ளே பால் பொங்குகிற வாடை. சுவரில் மாட்டிய டிவியில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஆறு நிறைந்து ஓடுகிறது.

"படித்துறை எங்கன, படித்துறை எங்கனன்னு கேக்கிய. படித்துறை தண்ணிக்குள்ள இருக்கு!" என்கிறார் அவர்.

கடையே சிரித்தது. டீ போடுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வலை பின்னுகிற ஊசியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

திரையில் நின்றவர் ஒரு நகைச்சுவை நடிகர். அவர் வேஷம் கட்டியிருந்தது என் அப்பாவாக. அப்பாவோ, தன்னைப் பார்த்துச் சிரிக்கிற அத்தனை பேருக்கும் நடுவில், பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் இதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நூறு கிலோமீட்டர் நானே காரோட்டி அவரை அங்கே கூட்டிப்போயிருந்தேன்.

என்னைப் போல ஒரு புத்திசாலிப் பெண்ணைப் பெறுவதற்கு அவர் என்ன தவம் செய்தாரோ.

வற்றாத ஆறு

இந்தத் தொடரில் நான் இதுவரை கணக்கு டீச்சராகத்தான் பேசியிருக்கிறேன். ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடம், என்னிடம் குட்டுப்பட்டவர்கள், எனக்குக் குட்டு வைத்தவர்கள் என்று வாராவாரம் ஓடியது. யாருடைய மகள் என்பதைச் சொல்லாமல் நழுவிவிட்டேன். அந்த நழுவலைப் பற்றித்தான் இந்த வாரம்.

அப்பா பெயர் சங்கரலிங்கம். அரிசிக்கடை வைத்திருந்தவர், பிறகு ஊராட்சி ஒன்றியத் தலைவரானார். ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. பாபநாசத்திலிருந்து ஆறு இறங்கி வருகிற வழியில், கரையை ஒட்டி எங்கள் ஊர். கரை செங்குத்து, அதுவும் களிமண். குளிக்கவோ துவைக்கவோ இறங்குகிறவர்கள் மருதமரத்து வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கித்தான் இறங்க வேண்டும். ஒரு படித்துறை வேண்டும் என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் அப்பா ஓட்டு வாங்கினார்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம் படித்துறைக்கு உத்தரவு வந்தது. கல் வந்தது. திறப்பு விழாவுக்கு நாளும் வந்தது. படித்துறை மட்டும் வரவில்லை.

விழா அன்று அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. கரையில் இரண்டு வாழைமரம் கட்டி, குறுக்கே ரிப்பன். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். மேலிடத்திலிருந்து வந்த பிரமுகர் ரிப்பனை வெட்டிவிட்டு, குனிந்து தண்ணீரை எட்டிப் பார்த்தார். "பிரமாதமா அமைஞ்சிருக்கு" என்று சொன்னார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கூட்டத்தில் யாரோ, "படி எங்கன இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார்கள். அப்பா மைக்கை வாங்கினார்.

"தண்ணிக்குள்ள இருக்கு வே. ஆறு வத்துனா நல்லாத் தெரியும். நம்ம ஆறு வத்துமா?"

"வத்தாது!" என்றது கூட்டம்.

அவ்வளவுதான், கதை முடிந்தது. தாமிரபரணிக் கரையில் நின்றுகொண்டு 'ஆறு வற்றட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று எவன் வாயைத் திறப்பான்? வாய்க்கால் தகராறில் மண்வெட்டியைத் தூக்குகிற அண்ணன் தம்பிகூட, நம் ஆறு வற்றாது என்பதில் ஒற்றுமையாக இருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பா ஒரு முழுப் படித்துறையை ஊருடைய பெருமைக்குள் மறைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. ஒரே வாரத்தில் ஆற்றில் இறங்கியவர்கள் எல்லாரும் படியில் நின்றுவிட்டார்கள். ஒருவர் ஐந்தாம் படிவரை போய்வந்ததாகச் சொன்னார். இன்னொருவர், ஆறாம் படி சாய்வாக இருக்கிறது, கொத்தனார் சரியில்லை என்று குறை சொன்னார். படியைக் காணோம் என்று சொல்கிறவனுக்கு முங்கத் தெரியவில்லை என்று ஆகிவிட்டது. ஆற்றங்கரையில் பிறந்தவன் அந்தப் பேச்சை எப்படித் தாங்குவான்?

மூன்றாவது கோடையில் அணையில் மதகு பழுதுபார்ப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்கள். ஆறு வற்றவில்லைதான், ஆனால் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. ஊரே கரையில் நின்று பார்த்தது. மணல், ஒரு கிழிந்த சேலை, யாரோ தொலைத்த பித்தளைச் செம்பு. மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. அப்பாவின் பதவி போனது. விசாரணை வந்தது, நடந்தது, படுத்தது, அப்படியே தூங்கிவிட்டது.

முற்றத்தின் ஓரம்

அப்படியானால் வந்த கல் எங்கே போனது என்று கேட்பீர்கள். பல வழியில் போனது. அதில் ஒரு பகுதி எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தது. நல்ல கருங்கல் பலகைகள். கொத்தனார் இழைத்துப் பதித்துவிட்டுப் போனார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாண்டி ஆட அதைப்போல ஒரு தரை கிடையாது.

திறப்பு விழா முடிந்த அன்று சாயங்காலம், அடுக்களையில் அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"படி தண்ணிக்குள்ள இருக்குன்னியளாமே?"

"ஆமா."

"தண்ணிக்குள்ள எங்கன இருக்கு? நம்ம முத்தத்துலல்லா கிடக்கு."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனார். நான் மோர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

அன்றிலிருந்து அம்மா அந்தக் கல்லில் கால் வைக்கவில்லை. அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் நடுவில் முற்றம். அதைச் சுற்றிச் சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்கு மண் தரை விட்டிருந்தார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரில் கையை ஊன்றி, அந்த ஒரு சாணில்தான் நடப்பாள். ஏன் என்று கேட்டால், "சவத்துக் கல்லு, காலுல சுடுது" என்பாள். மார்கழிக் குளிரிலும் அதேதான் சொல்வாள். சாகிறவரை அப்படித்தான் நடந்தாள். சுவரில் அவள் கைபட்ட இடம் மட்டும் ஒரு கோடாக எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடந்தது. வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் அப்பா அந்தக் கோட்டைத் தொடக் கூடாது என்பார்.

அம்மா போன பிறகு அப்பாவும் சுவரோரமாகவே நடக்க ஆரம்பித்தார். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பதில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்.

பேப்பரில் ஜன்னல்

இப்படி முப்பத்தைந்து வருஷம் தூங்கிய கதையைத்தான் டிவிக்காரர்கள் சிலர் தட்டி எழுப்பினார்கள். 'நீருக்கடியில் நிர்வாகம்' என்று தலைப்பு. பாதி ஆவணப்படம், பாதி நாடகம், முழுக்க நையாண்டி. அப்பாவின் பெயரைச் சிவலிங்கம் என்று மாற்றியிருந்தார்கள். இந்த மாற்றத்துக்குப் பிறகு அது யார் என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

எடுத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் இயக்குநர். போனில் என்னைக் கூப்பிட்டார். "மேடம், சார்கிட்ட ஒரு அரைமணி நேரம் பேசணும்."

"அப்பாவுக்கு உடம்புக்கு முடியாது. ஞாபகமும் கிடையாது" என்றேன். எண்பது வயதிலும் அப்பாவுக்குப் போன தேர்தலில் எந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போட்டது என்று வீட்டு வாரியாக ஞாபகம் இருந்தது.

அவர்கள் எங்கள் ஆற்றிலேயே படம் பிடித்தார்கள். தலைவர் கனவில் படித்துறையைப் பார்க்கிற காட்சிக்காகத் தெர்மகோலில் ஏழு படி செய்து வண்ணம் அடித்து இறக்கினார்கள். அன்றைக்கென்று அணையில் தண்ணீர் திறந்துவிட, ஏழு படியும் வரிசையாக மிதந்து சேரன்மகாதேவிப் பக்கம் போய்விட்டன. படகில்லாமல் அவற்றின் பின்னால் கரையோரமாக ஓடிய படக்குழுவைப் பார்த்து ஊர் இரண்டு நாள் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒளிபரப்பு நெருங்க நெருங்க நான் வேலையைத் தொடங்கினேன். கேபிள்காரரிடம் சொல்லி அப்பா வீட்டு இணைப்பை நிறுத்தினேன். அப்பாவிடம், மழையில் வயர் போய்விட்டது என்றேன். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. செய்தித்தாளில் வந்த விளம்பரங்களைக் காலையிலேயே போய்க் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் செயல்முறைப் பாடத்துக்குப் படம் வேண்டும் என்று சொன்னேன்.

அப்பா பேப்பரை விரித்து, அதிலிருந்த சதுர ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "இன்னைக்குப் பேப்பர்ல காத்து நல்லா வருது" என்றார்.

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்றாவது படி

அப்பாவின் மனசு நோகக் கூடாது என்பதற்காகவா இவ்வளவும்? பாதி அதற்காக. மீதிப் பாதிக் காரணம் எனக்குச் சொந்தமானது. அதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

விழா முடிந்து இரண்டு நாள் கழித்து, ஆற்றங்கரையில் பத்துப் பதினைந்து பேர் கூடி நின்று படி இருக்கிறதா இல்லையா என்று வாக்குவாதம். நான் அப்போதுதான் முங்கிக் குளித்துவிட்டு ஈரப் பாவாடையோடு கரையேறினேன். எனக்கு நீச்சல் நன்றாக வரும் என்பது ஊருக்குத் தெரியும். அப்பா எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏட்டி கோமதி, நீ முங்கிப் பாத்தேல்லா? படி இருக்கா?"

எனக்குப் பதின்மூன்று வயது. கேட்டது என் அப்பா. அவர் குரலில் முன்பு நான் கேட்டிராத ஒரு கெஞ்சல் இருந்தது.

"இருக்குப்பா. மூணாவது படியில நின்னேன்."

கூட்டம் வாயை மூடிக்கொண்டது. சின்னப் பிள்ளை பொய் சொல்லுமா? அப்பா என் தலையில் கைவைத்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தக் கூட்டத்தில் பேச்சியக்கா நின்றிருந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள், இருபத்தைந்து வயதிருக்கும். மறுநாள் காலையில் துவைக்க வந்தவள், வேரைப் பிடிக்காமல் தண்ணீருக்குள் தைரியமாகக் காலை எடுத்து வைத்தாள். ஒன்று, இரண்டு என்று வழுக்கிக்கொண்டே போனாள். மூன்றாவதாக ஊன்றிய கால் மருதவேருக்குள் சிக்கி ஒடிந்தது. கால் சேர்ந்தது, ஆனால் நேராகச் சேரவில்லை. இன்றைக்கும் இடது பக்கம் சாய்ந்துதான் நடப்பாள்.

அப்பா அடுத்த கூட்டத்திலேயே மைக்கில் பேசினார். "படி இல்லங்கான். படி இல்லைன்னா பேச்சி எதுல வழுக்கி விழுந்தா?" கைதட்டல். ஒடிந்த காலையும் அவர் சாட்சிக்கு இழுத்துக்கொண்டார். நான் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, டிவியில் ஈரப் பாவாடையோடு ஒரு சிறுமி வருவாள், 'மூணாவது படியில நின்னேன்' என்பாள், ஊரே சிரிக்கும் என்பது எனக்கு உறுதி. நான் இப்போது பொய் சொல்கிற பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றுகிற டீச்சர். எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

ஒளிபரப்பு ஞாயிறு காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் அப்பா டிவியே இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்த்ததே இல்லை என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

"அப்பா, புன்னக்காயல் போவமா? கழிமுகம் பாக்கணும்பியள்லா."

"என்னட்டி திடீர்னு?"

"சும்மாதான்."

"சும்மா எவனாவது நூறு கிலோமீட்டர் போவானா? சரி, போவோம்" என்று புதுச்சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

என் கணக்கு இதுதான்: புன்னக்காயல் மீன்பிடி ஊர். பதினொரு மணிக்கு ஆண்களெல்லாம் கடலில் இருப்பார்கள். கரையில் மணலும் காற்றும்தான் இருக்கும். திருநெல்வேலி தாண்டி, ஸ்ரீவைகுண்டம் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் போய், ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்து அப்பா பெருமூச்சு விட்டதுவரை கணக்கு சரியாகவே வந்தது.

ஊருக்குள் நுழைந்தால், ஒரு படகும் கடலில் இல்லை. எல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை! தேவாலயத்தில் பூசை முடிந்து, நல்ல சட்டையோடு ஊர் மொத்தமும் டீக்கடையில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. செவ்வாய், வெள்ளி, பிரதோஷம் என்று நாள் பார்த்தே வளர்ந்த எனக்கு ஞாயிறும் சிலருக்குச் சாமி நாள் என்பது ஞாபகமே வரவில்லை. காலண்டரில் சிவப்பாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

"டீ குடிப்பமா?" என்று அப்பா இறங்கிப் போய்விட்டார்.

கடையில் சிரித்தவர்கள்

ஆக, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்.

வலை ஊசிப் பெரியவர் அப்பாவிடம் சொன்னார்: "ஆளு பொல்லாதவன்யா. ஆத்தையே சாட்சிக்கு நிறுத்திட்டானே!"

"ஆமா, பொல்லாத பயதான்" என்றார் அப்பா.

"எங்க ஊர்லேந்து ஒருத்தனக் கூப்பிட்டிருந்தா ஒரு முங்குல சொல்லிருப்பானே, படி இருக்கா இல்லையான்னு. ஏன் ஒருத்தனும் கூப்பிடல?"

அப்பா யோசித்தார். "இல்லன்னு தெரிஞ்சிருமேன்னுதான்" என்றார்.

பிறகு ஒரே ஒரு தடவை முகத்தைச் சுளித்தார். "நான்... அவன் வேட்டிய இப்படியா கட்டுவான்? இடுப்புல நிக்குமா இது?"

அடுத்த காட்சி வந்தது. ஒரு வீட்டு முற்றம். தலைவரின் மனைவியாக நடிக்கிற பெண் இடுப்பில் குடத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடக்கிறாள். 'சவத்துக் கல்லு, காலுல சுடுது' என்கிறாள். கடையில் சிலர் சிரித்தார்கள், பெரியவர் சிரிக்கவில்லை. அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டும் அறிந்த இதைச் சொன்னது யார்? அம்மா உயிரோடு இல்லை. நான் சொல்லவில்லை.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சியக்கா விழுகிற காட்சி வந்தது. மைக்கில் பேசுகிற காட்சியும் வந்தது. அதற்கு யாருமே சிரிக்கவில்லை, "தூ" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஈரப் பாவாடைச் சிறுமிக்காக நான் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஆறு வற்றியது, செம்பு தெரிந்தது, பெயர்கள் ஓடின, முடிந்தது. சிறுமி வரவே இல்லை.

கழிமுகத்துக்கு நடந்து போனோம். ஆறு அங்கே அவசரமில்லாமல், அகலமாக, உப்பு வாடையோடு கிடந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார்.

"நீங்கதான் சொன்னியளா?" என்றேன்.

"நீ பள்ளிக்கூடம் போன நேரத்துல அந்தப் படம் எடுத்த பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு. மூணு நாளு சொன்னேன். ஒங்கம்மைக்கு ஒரு பதில் சொல்லணும்லா. அவ கேட்டப்ப எந்திச்சுப் போயிட்டேன்."

"எல்லாம் சொன்னியளா?"

"எல்லாம் சொன்னேன், ஒன்னையத் தவிர. நீ சின்னப் பிள்ளட்டி. பொய் சொல்ல வச்சது நான். அத அந்த ஆளு வேட்டிய ஒழுங்கா கெட்டாம நடிக்கிற படத்துல வேற போடணுமா?"

எனக்கு அழுகை வந்தது. அதோடு ஆத்திரமும் வந்தது. இத்தனை வருஷம் இரண்டு பேரும் ஒரே கல்லைச் சுமந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓரமாக நடந்திருக்கிறோம். "அப்ப எதுக்கு என்கூட இவ்வளவு தூரம் வந்திய?" என்று கத்தினேன்.

"நீதான் கேபிள அறுத்துட்டியே. எங்கனயாவது போய்ப் பாக்கணும்லா" என்றார்.

பேச்சியக்கா சொன்னது

திரும்பி வந்த மறுநாளே பேச்சியக்காவின் வீட்டுக்குப் போனேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். போன வேகத்தில் சொல்லிவிட்டேன்: "அக்கா, அன்னைக்கு நான் படியில நிக்கல. பொய் சொன்னேன்."

முறம் நிற்கவில்லை. "அது எனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியுமா?"

"ஊரே நின்னேன் நின்னேன்னு சொல்லிச்சு. நானும்தான் மொத நாளு களையெடுப்புல நாலு பேருகிட்ட நின்னேன்னு அளந்து விட்டேன். பொறவு மனசு கேக்கல. நாம மட்டுந்தான் நிக்கலையோன்னு ஒரு இது. ஒரு தடவ நின்னு பாத்துருவோம்னு எறங்குனேன். நீ சொன்னதும் ஒரு காரணந்தான், இல்லங்கல." முறத்தைக் கீழே வைத்தாள். "கால் போனது கூட ஆறிப்போச்சு தாயி. ஒங்கப்பா என் கால வச்சு மைக்குல கைதட்டு வாங்குனாரு பாரு, அது இன்னும் ஆறல."

அப்பாவிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

முற்றத்துக் கல் மொத்தத்தையும் பெயர்த்தார்கள். டிராக்டரில் ஏற்றும் முன்னால் அப்பா பேச்சியக்காவின் வாசலுக்குப் போய் நின்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மைக் இல்லாமல் பேசினார், அது மட்டும் தெரியும்.

ஆற்றங்கரையில் அந்தக் கல்லால் படி கட்டுகிற வேலை நடக்கும்போது ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். ஆற்றுப் புறம்போக்கில் யார் அனுமதியில் கட்டுகிறீர்கள் என்று அதட்டினார்.

"தம்பி, இங்கன படித்துறை கெட்டி முடிச்சாச்சுன்னு ஒங்க கோப்புலயே இருக்கும். இல்லாததையா கெட்டுதோம்? இருக்கதத்தான் செப்பனிடுதோம்" என்றார் அப்பா. வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். ஆள் மாறவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

எங்கள் முற்றத்துக் கல்லுக்கு வந்தது மூன்றே படிகள். மீதிப் படிகள் இன்னும் யார் யார் வீட்டுத் தரையில் கிடக்கின்றனவோ. அவரவர் ஓரமாக நடந்துகொள்ளட்டும்.

வேலை முடிந்து இரண்டாம் நாள், சொல்லி வைத்தாற்போல அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஒரு படியும் வெளியே தெரியவில்லை. செய்தி கேட்டுப் பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் கரையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்பா மருதமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் பேச்சியக்காவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி பைய இறங்கினோம். ஒன்று. இரண்டு. மூன்று. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. உள்ளங்காலில் கல் சில்லென்று, சொரசொரவென்று இருந்தது. நான் பாண்டி ஆடிய அதே கல்.

"ஏட்டி கோமதி, படி இருக்கா?" என்று அப்பா கரையிலிருந்து கேட்டார்.

"இருக்குப்பா. மூணாவது படியில நிக்கேன்."

கரையில் பெரிய சிரிப்பு. ஒருத்தரும் நம்பவில்லை. பேச்சியக்காவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "சிரிக்கவங்க எறங்கி வந்து பாருங்கவே!" என்று கத்திக்கொண்டே அடுத்த காலை எடுத்து முன்னால் வைக்கப் போனாள்.

நான் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். "அவ்வளவுதான்க்கா. மூணுதான் இருக்கு."